லாரிக் கூண்டும் சுந்தரம் அய்யங்காரும்

இந்த மலருக்கு மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழு நண்பர் போனில் கேட்டபோது, யோசிக்காமல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவர் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர், மதுரையில் பேர் எடுத்தவர், திண்டுக்கல் கல்லூரி மலரில் அவருக்கு என்ன வேலை என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் காலத்தில் திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது, தனி மாவட்டம் ஆனது 1985-ல்தான் என்று ஒரு பதில் சொன்னேன். அவர் கண்ணை மூடியது நம்ம கொடைக்கானலில் என்று இன்னொரு பதில். ஆனா உண்மையான காரணம் இந்த ரெண்டும் இல்லை. ஒரு பழைய ராணுவ லாரி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் தொழிலில் இருக்கிறேன். கம்பெனியிலிருந்து வருவது எஞ்சினும் சேஸும் மட்டும்தான். அதன் மேல் சரக்கு ஏற்றும் தளம், பக்கப் பலகை, பின்கதவு, படுதா போடும் வளைவு எல்லாம் பட்டறையில் கட்டுவது. நாமக்கல், கரூர் பக்கம் இது பெரிய தொழில் என்பது எல்லோருக்கும் தெரியும். சில வருஷங்களுக்கு முன் வேடசந்தூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பத்தார் தங்கள் தாத்தா வாங்கிய லாரி ஒன்றை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மூக்கு சப்பையான கனடா ஷெவர்லே. இரண்டாம் உலகப் போருக்குச் செய்தது. எஞ்சின் இருந்தது, சேஸ் கெட்டியாக இருந்தது, கூண்டு மட்டும் கறையான் தின்று போச்சு. கண்காட்சிக்கு வைக்க வேண்டும், ஆனா ஓடவும் வேண்டும் என்றார்கள்.

மெக்கானிக்கல் படித்தவன் அல்லவா, கம்ப்யூட்டரில் அழகாக வரைந்தேன். மரமாவது ஒன்றாவது என்று முழுக்க இரும்பு. நீளச் சட்டத்தை நேராகச் சேஸ் மேலே உட்கார வைத்து, துளை போட்டு போல்ட் முடுக்கினேன். பட்டறை முற்றத்தில் ஓட்டியபோது ஒரு குறையும் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்குள் விட்டு, ஒரு பக்க முன்சக்கரம் வரப்பில் ஏறவும், டப் என்று ஒரு சத்தம். வெல்டிங் விட்டுப் போச்சு. மறுநாள் பார்த்தால் நான் போட்ட ஒரு துளையிலிருந்து மயிரிழை போல விரிசல் ஓட ஆரம்பித்திருந்தது. எழுபது வருஷம் தாங்கிய சேஸை ஒரே வாரத்தில் விரிசல் விட வைத்தவன் நான்.

எங்கள் பட்டறையில் வயசான ஆசாரி ஒருவர் இருந்தார். அவர் ஒன்றும் திட்டவில்லை. அந்த லாரியோடு வந்த உளுத்த மரத்துண்டு ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். சேஸுக்கும் கூண்டுக்கும் நடுவில் நீளமாகக் கிடந்த பட்டைக்கட்டை அது. கழற்றும்போது குப்பை என்று நானே ஓரமாக வீசியிருந்தேன்.

விஷயம் இதுதான். லாரிச் சேஸ் என்பது ஏணி மாதிரி. இரண்டு நீளச் சட்டம், நடுவில் குறுக்குச் சட்டங்கள். மேலிருந்து அமுக்கும் சுமையை அது நன்றாகத் தாங்கும். ஆனால் முறுக்கினால் சுலபமாக முறுங்கிக் கொடுக்கும். அது குறை இல்லை. அப்படிக் கொடுப்பதால்தான் மேடு பள்ளத்தில் நாலு சக்கரமும் தரையைத் தொட்டு நிற்கின்றன. அதன் மேல் விறைப்பான இரும்புப் பெட்டியை இறுக்கிக் கட்டினால், சேஸ் முறுங்கப் பார்க்கும், பெட்டி விடாது, ஏதாவது ஒன்று உடையும். அதனால்தான் அந்தக் காலத்து ராணுவ லாரிகளில் நடுவில் கடின மரக்கட்டை போட்டு, சேஸில் துளை போடாமல் யூ போல்ட்டால் அணைத்துக் கட்டினார்கள். சில வண்டிகளில் முன்பக்க போல்ட்டில் சுருள் வில்லும் உண்டு, கூண்டு கொஞ்சம் எழும்பி அமர வசதியாக. சேஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும்தான் வளைவு அழுத்தம் அதிகம். அங்கே துளை போடக் கூடாது என்பது நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்!

அமெரிக்காவின் ஜி.எம்.சி. ராணுவ லாரி இன்னும் சுவாரசியமானது. ஆறு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும் இரண்டரை டன் வண்டி. போர்க்காலத்தில் 5,60,000-க்கும் மேல் செய்தார்கள். முதலில் வந்தவற்றுக்கு இரும்புக் கூண்டு. பிறகு கப்பலுக்கும் டாங்கிக்கும் இரும்பு போதவில்லை என்று மரக் கூண்டுக்கு மாறினார்கள். கடைசியில் இரும்புச் சட்டமும் மரப்பலகையும் கலந்த கூண்டு வந்தது. 12 அடி நீளத் தளம், இரு பக்கமும் வீரர்கள் உட்கார மடக்குப் பலகை, சங்கிலியில் தொங்கும் பின்கதவு, மேலே படுதா வளைவுகள். உலகத்திலேயே பெரிய மோட்டார் தொழிற்சாலைகள் அவசரத்துக்குக் கண்டுபிடித்த அந்தக் கலப்புக் கூண்டு, நம்ம ஊர் ஆசாரிகள் லாரி வந்த நாள் முதலாகச் செய்து வந்ததற்குச் சொந்தக்காரன்தான். ஒரு பலகை உடைந்தால் அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றலாம். வெல்டிங் கிடைக்காத ஊரில் அது பெரிய விஷயம்.

வேடசந்தூர்க்காரர்கள் லாரியோடு ஒரு தகரப் பெட்டியும் கொடுத்திருந்தார்கள். அதில் பழைய ரசீதுகள். போர் முடிந்து ராணுவ உபரி வண்டிகளை அரசாங்கம் விற்றபோது தாத்தா வாங்கியிருக்கிறார். அதற்கப்புறம் வாங்கிய சாமான் ரசீதுகளில் பெரும்பாலானவை மதுரை டி.வி.எஸ். பெயரில். ராணுவ வண்டிக்கு மதுரையில் எப்படிச் சாமான் கிடைத்தது என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். அப்புறம்தான் புரிந்தது. அந்தக் கனடா ஷெவர்லேயில் இருந்தது 216 கன அங்குல, ஆறு சிலிண்டர், 85 குதிரைச் சக்தி எஞ்சின். போருக்கு முன்பே ஷெவர்லே கார்களிலும் லாரிகளிலும் ஓடிக்கொண்டிருந்த அதே குடும்பம். வெளித்தோற்றம்தான் ராணுவம், உள்ளே பழகின எஞ்சின். ஷெவர்லே செய்த ஜெனரல் மோட்டார்ஸுக்கு இந்தப் பக்கத்து விநியோகஸ்தர் டி.வி.எஸ். அந்த ரசீதுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் அய்யங்கார் 1877-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி பிறந்தார். நாங்குநேரிக்குப் பக்கத்தில், மேற்கு மலையின் அடிவாரத்தில் உள்ள வைணவத் திருப்பதி திருக்குறுங்குடி. வீட்டார் விருப்பப்படி முதலில் சட்டத் துறைக்குப் போனார். பிறகு ரயில்வேயில் உத்தியோகம், அதற்குப் பிறகு பாங்கியில். அந்தக் காலத்தில் ஒரு பிராமணக் குடும்பத்துப் பையனுக்கு இதைவிடப் பத்திரமான வழி கிடையாது. மாதச் சம்பளம், பென்ஷன், ஊரில் மரியாதை. முப்பத்து நாலு வயசில், குழந்தை குட்டிகளோடு இருக்கிற நேரத்தில், அதையெல்லாம் விட்டுவிட்டு மோட்டாரில் இறங்கினார். 1911-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் தொடங்கியது. இதை எழுதும் எனக்கு ஏறக்குறைய அதே வயசு. என் வீட்டில் போய் இப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். ஏன் அந்த வழி என்று பார்த்தால் அவர் கணக்கு புரிகிறது. தஞ்சாவூரில் ரயில் உண்டு. புதுக்கோட்டை தனி சமஸ்தானம், ஆனால் ரயில் இல்லை. அங்கே ரயில் வந்தது 1929-ல்தான். சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தை மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும்தான் கடக்க வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்தவருக்கு ரயில் எங்கே இல்லை என்று தெரிந்திருக்கும் அல்லவா.

1912-ம் வருஷத்து பஸ் எப்படி இருந்திருக்கும் என்று இன்றைய மாணவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சினை முன்னால் நின்று கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். பெட்ரோல் தகர டின்னில் வரும். சேஸ் கப்பலில் வரும், கூண்டு உள்ளூர் ஆசாரி கட்டுவது, அவருக்குத் தெரிந்தது வில் வண்டியும் தேரும். சாலை என்பது மாட்டு வண்டியின் இரும்புப் பட்டா அறுத்துப் போட்ட செம்மண் தடம். அந்தத் தடத்தில் மாட்டு லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள் வேறு.

ஆணிகளைப் பற்றி மதுரைப் பக்கம் இன்றும் ஒரு செய்தி சொல்வார்கள். டயர் அடிக்கடி பஞ்சராகி நேரம் தவறியதால், காந்தம் கட்டிய வண்டி ஒன்றைச் சாலையில் ஓட்டி லாட ஆணிகளைப் பொறுக்க வைத்தார்களாம். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொண்டார்கள் என்பதும் அப்படித்தான், எங்கள் பாட்டி வரைக்கும் சொன்ன கதை. எனக்கு இந்த ரெண்டு கதையும் ஒரே கதையாகத்தான் படுகிறது. நேரம் தவறாமல் பஸ் ஓட வேண்டுமென்றால் டிரைவரை விரட்டிப் பிரயோசனம் இல்லை, ஆணியைப் பொறுக்க வேண்டும். பஸ் தாமதமானால் அடுத்தவர் டிரைவரைக் கேட்பார், இவர் சாலையைக் குனிந்து பார்த்திருக்கிறார். நம் தொழிற்சாலைகளில் இன்று ஜப்பானியப் பெயர் வைத்துப் பத்து நாள் வகுப்பு எடுத்துச் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

பிறகு அவர் மதுரைக்கு வந்தார், மதுரையே தலைமையிடம் ஆயிற்று. பஸ்களும் லாரிகளும் பெருகின, சதர்ன் ரோட்வேஸ் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியதும் இந்தியாவில் ஷெவர்லே பெருகியது. அவற்றை விற்பது, பழுது பார்ப்பது, உதிரிச் சாமான் வைத்திருப்பது என்று ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொழில் கிளை விட்டது. கவனித்துப் பாருங்கள், வண்டியை அவர் செய்யவில்லை. வாங்கிய வண்டி பத்து வருஷம் ஓட என்னவெல்லாம் வேண்டுமோ அதையெல்லாம் செய்தார். மதுரை, திண்டுக்கல், பழனிச் சமவெளியில் மோட்டார் வண்டி வேரூன்றியதற்கு எஞ்சினைக் கண்டுபிடித்தவரைவிட இப்படிப்பட்டவர்தான் காரணம் என்பது என் கட்சி. ஒட்டன்சத்திரம் காய்கறியும் திண்டுக்கல் தோலும் புகையிலையும் பூட்டும் வெளியூர் போக லாரி வேண்டும். லாரி நடுவழியில் நின்றால் தக்காளி காத்திருக்காது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த பகுதி. 1939-ல் போர் மூண்டது. 1942-ல் பர்மா விழுந்தது, அங்கிருந்து வந்த எண்ணெயும் போச்சு. அதே வருஷத்தில் மலாயாவும் விழுந்தது, ரப்பர் தட்டுப்பாடு. பெட்ரோல் ரேஷன் வந்தது. இருக்கிற பெட்ரோல் ராணுவத்துக்கு. புதுச் சேஸ்கள் ராணுவத்துக்கு. கனடாவிலிருந்து மட்டும் போர்க்காலத்தில் 8 லட்சத்துக்கு மேல் ராணுவ வண்டிகள் செய்து அனுப்பினார்கள், அதில் நம் இந்தியப் படைகளுக்கு வந்தவையும் ஏராளம். நம்ம ஊர் பஸ்ஸும் லாரியும் என்ன ஆகும்? ஷெட்டில் நிற்க வேண்டியதுதான். அப்போது சுந்தரம் அய்யங்காருக்கு 65 வயசு. இந்த வயசில் கடையைச் சாத்திவிட்டுப் பெருமாள் சேவைக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவரும் மகன்களும் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கரிவாயு உலையை வடிவமைத்துச் செய்து வண்டிகளில் பொருத்தினார்கள். அடுப்புக்கரியில் பஸ் ஓடியது.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விளக்குகிறேன், மற்ற துறை நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உயரமான இரும்புத் தொட்டியில் மேலிருந்து கரியைக் கொட்டி, அடியில் பற்ற வைக்க வேண்டும். காற்றைத் தாராளமாக விட்டால் கரி சாம்பலாகி வெறும் கரியமில வாயு வரும், அது எரியாது. காற்றை அளவாக விட்டு, உருவாகிற வாயுவை மேலும் சிவக்கக் காய்ந்த கரி வழியாகவே இழுத்தால் அது கார்பன் மோனாக்ஸைடாக மாறும். அது எரியும். வாயுவைக் குழாய்களில் ஓட விட்டுக் குளிர வைத்து, தூசி வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் அனுப்ப வேண்டும். இழுப்பது எஞ்சினே. 1 லிட்டர் பெட்ரோல் செய்கிற வேலைக்குச் சுமார் ஒன்றரை முதல் 2 கிலோ கரி பிடிக்கும்.

கேட்க எளிது. கஷ்டம் மூன்று இடத்தில். முதலாவது, காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன் என்பதால் வாயுவிலும் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன்தான். எஞ்சினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மேடு வந்தால் வண்டி திணறும். நத்தம் சாலை ஏற்றத்தில் அப்படி ஒரு பஸ்ஸை நினைத்துப் பாருங்கள், பயணிகள் இறங்கித் தள்ளியிருப்பார்கள். இரண்டாவது, தூசி. வடிகட்டி சரியில்லை என்றால் கரித்தூள் சிலிண்டரை அரம் போல அராவி விடும். மூன்றாவது, அந்த வாயு விஷம். மூடின ஷெட்டில் கசிந்தால் வாசனையே தெரியாமல் ஆளைக் கொன்றுவிடும்.

என்னைப் போன்ற கூண்டுக்காரனுக்கு நாலாவது ஒன்றும் உண்டு. இந்தத் தொட்டியை எங்கே வைப்பது? சேஸை வரைந்தவன் இப்படி ஒன்று வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. பஸ் என்றால் பின்னால் தொங்க விடலாம். அப்படித் தொங்க விட்டால் பின் அச்சுக்கு அப்பால் எடை விழும், முன்பக்கம் லேசாகும், ஸ்டீயரிங் பிடிப்பு குறையும். லாரி என்றால் டிரைவர் அறைக்குப் பின்னால், கூண்டின் முன்பகுதியை வெட்டி வைக்கலாம். வைத்தால் சரக்கு இடம் போகும். கரி மூட்டைகளுக்கும் இடம் வேண்டும். உலை சூட்டில் மரப்பலகை கருகாமல் இடைவெளி விட வேண்டும், நடுவில் தகரம் அடிக்க வேண்டும். இழுக்கிற சக்தியும் குறைவு, ஏற்றுகிற இடமும் குறைவு. ஆனாலும் வண்டி நகர்ந்தது. நகராத முழு லாரியைவிட நகர்கிற முக்கால் லாரி மேல்.

உலகம் முழுக்க அப்போது இதுதான் நடந்தது. ஜெர்மனியில் லட்சக்கணக்கில், ஸ்வீடனில் 70,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின. அங்கெல்லாம் அரசாங்கமும் ஆராய்ச்சிக்கூடங்களும் பின்னால் நின்றன. இங்கே ஒரு பஸ் முதலாளியும் அவருடைய பட்டறையும். ரப்பர் தட்டுப்பாட்டுக்கும் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை, தேய்ந்த டயருக்கு மேல்பட்டை போட்டுத் திரும்ப ஓட்டும் தொழிற்சாலையை வைத்தார்கள். இன்று ரீட்ரெடிங் இல்லாத லாரி ஸ்டாண்டு நம் மாவட்டத்தில் உண்டா?

எஞ்சினீயரிங் படிக்காதவர் இதையெல்லாம் செய்தார் என்று சிலர் மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதனால் படிப்பு வேண்டாம் என்று முடிப்பார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. வாயுவின் கணக்கும் உலோகத்தின் கணக்கும் தெரியாமல் கேஸ் பிளான்ட் ஓடாது. தெரிந்தவர்களைக் கூட வைத்துக்கொண்டார் என்பதுதான் சரி. ஆனா ஒன்று உண்டு. என் சேஸ் விரிசல் விட்டதற்குக் காரணம் எனக்குப் படிப்பு போதாதது அல்ல, வீசி எறிந்த கட்டையைக் கையில் எடுத்து இது ஏன் இங்கே இருந்தது என்று ஒரு நிமிஷம் கேட்காததுதான். ஆணியைக் குனிந்து பார்த்தவர் அந்தக் கட்டையையும் பார்த்திருப்பார்.

குடும்ப விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது, திண்டுக்கல்காரர்களுக்கு அதுதான் நெருக்கம். அவருக்கும் மனைவி லட்சுமி அம்மாளுக்கும் ஐந்து மகன்கள், மூன்று மகள்கள். மகள் சௌந்தரத்துக்கு அந்தக் கால வழக்கப்படி சின்ன வயசிலேயே கல்யாணம் ஆயிற்று. கணவர் டாக்டர். அவர் இளம் வயதிலேயே காலமானார். ஆசாரமான வைணவக் குடும்பத்தில் விதவைப் பெண்ணின் கதி அன்றைக்கு என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை. சுந்தரம் அய்யங்கார் தம்பதியர் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க அனுப்பினார்கள். டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டராக வெளியே வந்தார். 1940-ல் காந்தியடிகளின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். சாதி வேறு, மொழி வேறு. அதைப் பெற்றோரால் உடனே ஏற்க முடியவில்லை. படிக்க அனுப்பிய அளவுக்கு இதில் மனம் இடம் தரவில்லை போலும். மனிதர்தானே.

அந்த டாக்டர் சௌந்தரமும் ராமச்சந்திரனும்தான் 1947-ல் நம் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சிறிய மருத்துவ நிலையமாக ஆரம்பித்தது கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. கிராமியக் கல்லூரி 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. சௌந்தரம் அம்மா 1962-ல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்று மத்திய கல்வித் துறை துணை அமைச்சராகவும் இருந்தார். 1984-ல் மறைந்தார். நம்மில் எத்தனை பேர் கஸ்தூரிபா ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் என்று இந்தச் சந்திப்பில் கை தூக்கச் சொன்னால் அரங்கில் பாதிக் கை எழும், என் கையும் சேர்த்து.

சுந்தரம் அய்யங்கார் உயிரோடு இருக்கும்போதே பொறுப்பை மகன்கள் ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகியோரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். இது சின்ன விஷயம் இல்லை, தொண்ணூறு வயசு வரைக்கும் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருக்கும் முதலாளிகளை நானே பார்த்திருக்கிறேன். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி கொடைக்கானல் வீட்டில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 78.

அதற்குப் பின் வந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960-ல் வீல்ஸ் இந்தியா, 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா. சக்கரம், மின்சாமான், பிரேக். பாருங்கள், மகன்களும் முழு வண்டிக்குப் போகவில்லை, வண்டி ஓடத் தேவையானவற்றுக்கே போனார்கள். டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல்தான் வந்தது. பஸ்கள் 1972-ல் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆனது. பின்னால் அதிலிருந்து பிரிந்ததுதான் திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன ஞாபகம் என் வயசுக்காரர்கள் பலருக்கு இருக்கும்.

அந்த ஷெவர்லேக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விரிசல் முனையில் சிறு துளை போட்டு ஓட்டத்தை நிறுத்தி, பற்ற வைத்து, உள்பக்கம் தகடு கொடுத்தோம். என் இரும்புக் கூண்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டோம். ஆசாரி வேங்கை மரத்தில் இரண்டு பட்டைக்கட்டைகளை இழைத்துச் சேஸ் மேல் கிடத்தினார். அதன் மேல் குறுக்குச் சட்டங்கள், பலகைகள், பலகைகளுக்கு நடுவே சரக்கு வழுக்க இரும்புப் பட்டைகள், எட்டு யூ போல்ட்டுகள், முன்னால் இரண்டு வில்கள். பழையபடி அதே வரப்பில் ஏற்றினோம். கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து முனகியது, இறங்கியதும் நேரே நின்றது. நான் கீழே படுத்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தேன். ஒன்றுகூடத் தளரவில்லை. ஆசாரி அந்நேரம் டீ குடிக்கப் போயிருந்தார்.

மலர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். போர்க்காலத்துக் கரிவாயு உலை ஒன்றை முழுசாக நேரில் பார்க்க எனக்கு ஆசை. வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, பழனி, வேடசந்தூர் பக்கம் பழைய பஸ், லாரி வைத்திருந்த குடும்பங்களின் தோட்டத்திலோ மாட்டுக் கொட்டகையிலோ, மேலே மூடியும் அடியில் கம்பி வலையும் உள்ள உயரமான இரும்புத் தொட்டி, கிணற்றடியில் தண்ணீர்த் தொட்டியாகவோ தவிட்டுத் தொட்டியாகவோ கிடக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். எடைக்குரிய விலையை நான் கொடுத்துவிடுகிறேன். துரு நீக்கி, வடிகட்டி மாற்றி, மெக்கானிக்கல் பிரிவுப் பட்டறை முன்னால் திறந்த வெளியில் வைத்து, அடுத்த வருஷச் சந்திப்பில் ஒரு எஞ்சினை அதில் ஓட்டிக் காட்டலாம். கரி மூட்டைக்கு ஏற்பாடு செய்துவிட்டேன்.